நல்லதண்ணியும் வெறும் போத்தல்களும்

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாகச் சிவனொளிபாத மலைக்குச் செல்வோர் வாகனத்தை விட்டிறங்கும் ஊரின் பெயர் நல்லதண்ணி. மலையிலிருந்து ஓடைகள் இறங்கிவரும் அந்த ஊரிலேதான், டிசம்பர் பௌர்ணமி தொடக்கம் மே மாத வெசாக் வரையான யாத்திரைக் காலத்தில், குடிநீர்ப் போத்தல்கள் கடை கடையாக அடுக்கி விற்கப்படுகின்றன. குடித்து முடித்த போத்தல்கள் படிக்கட்டோரங்களிலும் தேயிலைக் கான்களிலும் கிடக்கின்றன. பத்திரிகையாளனாக அப்பாதையில் பலமுறை சென்றுவந்த எனக்கு, ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் எழுந்தது: இந்த வெறும் போத்தல் யாருக்குச் சொந்தம்?

எழுபதுகளில், எனது சிறுபராயத்தில், இக்கேள்விக்கு இடமிருக்கவில்லை. சோடாப் போத்தல் கம்பனிக்குச் சொந்தம். கடையில் போத்தலுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவோம். வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் அப்பணம் கைக்கு வரும். உடைத்துவிட்டால் வீட்டில் ஏச்சு விழும். கம்பனி லொறி அவற்றை ஏற்றிச் சென்று, கழுவி, மீண்டும் நிரப்பி அனுப்பும். இதனை எவரும் சுற்றாடல் பாதுகாப்பு என்று அழைக்கவில்லை. கண்ணாடி விலை கூடியது. கம்பனிக்கு அது தேவைப்பட்டது.

1973இல் அமெரிக்கப் பொறியியலாளர் நத்தானியேல் வயத் பெட் எனப்படும் பிளாஸ்டிக்கினாலான போத்தலுக்குக் காப்புரிமை பெற்றார். பாரமற்ற, உடையாத, மலிவான அப்போத்தல் உலகெங்கும் பரவியபோது பழைய ஒப்பந்தம் சத்தமின்றி முறிந்தது. இன்றும் அலுவலகங்களில் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்படும் 19 லீற்றர் கொள்கலனை, தண்ணீர்க் கம்பனிகள் வைப்புப்பணம் பெற்றுக் கொடுத்து, தவறாமல் திரும்பப் பெறுகின்றன. அரை லீற்றர்ப் போத்தலை அவ்வாறு தேடி வருவதில்லை. ஆகவே, திரும்பப் பெறும் வழி தெரியாது என்று இத்தொழில் சொல்லமுடியாது. போத்தல் நீருக்கு இலங்கையில் எஸ்.எல்.எஸ். 894 என்ற நியமம் உண்டு. அது உள்ளிருக்கும் நீரைப் பற்றியது. நீர் தீர்ந்தபின் என்ன என்பதே நம்முன் உள்ள கேள்வி.

மலையகத்தில் இக்கேள்விக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறியபோதும் அத்தடை நீடித்தது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள். சபையின் குப்பை வண்டியோ லயத்துக்கு வரவேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் அம்பகமுவ பிரதேச சபை மூன்றாகப் பிரிந்து, நோர்வூட், மஸ்கெலியா சபைகள் தோன்றின. ஆக, முப்பத்தோராண்டுகள் லயத்தின் குப்பைக்குச் சட்டத்தில் ஓர் உரியவர் இருக்கவில்லை. அக்காலத்திலேதான் பிளாஸ்டிக் போத்தல் மலையேறி வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு லயத்தின் பின்புறம் போத்தல்களைக் குவித்து எரித்துக்கொண்டிருந்த முதிய தாயொருவரைக் கண்டேன். எரிப்பது கூடாதே அம்மா என்றேன். "எரிக்காட்டி பீலித் தண்ணியில போயி அடைச்சுக்குதுங்க ஐயா. வித்தவங்க வந்து எடுத்துக்கிட்டுப் போகட்டுமே" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

எம்மைப் போன்றே தேயிலை விளையும் நீலகிரி மாவட்டத்தில், 2019 ஆகஸ்ட்டில் சிறு பிளாஸ்டிக் குடிநீர்ப் போத்தல்களின் விற்பனைக்குத் தடை வந்தது. வீதியோரங்களில் குடிநீர் வழங்கும் இயந்திரங்கள் நிறுவப்பட்டன. 2022 மே மாதத்தில், உயர் நீதிமன்றத்தின் தலையீட்டினால், மதுப்போத்தலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, வெறும் போத்தலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் முறை தொடங்கியது. உடைந்த போத்தல்கள் யானைகளின் கால்களைக் கிழித்தமை அதற்கு ஒரு காரணம். ஜெர்மனியில் 2003 முதல் பிளாஸ்டிக் போத்தலுக்கும் வைப்புப்பணம் உண்டு. எனது சிறுபராயத்துச் சோடாக்கடை வழக்கமே இவை யாவும்.

சிவனொளிபாத மலைச் சரிவில் பிறக்கும் மஸ்கெலி ஓயா மவுசாகலை நீர்த்தேக்கத்தை நிரப்பி, கெஹெல்கமு ஓயாவுடன் கூடிக் களனி கங்கையாகிறது. கொழும்பு குடிப்பது பெரும்பாலும் அந்த ஆற்று நீரையே. போத்தலை மலைக்கு அனுப்பும் நகரத்துக்கு நீர் தருவதும் அந்த மலைதான்.

யாத்திரீகர்களுக்கு அறிவுரை எழுதிய பலகைகள் வழிநெடுகிலும் உண்டு. கம்பனிகளுக்கும் ஒரு பலகை வைக்கவேண்டிய காலம் இது. தண்ணீரை விற்றவர் போத்தலையும் மீட்கவேண்டும். மீட்கும் செலவை விலையிலே சேர்க்கட்டும். அதனை லயத்துத் தாயின் தலையில் ஏற்றுவது நியாயமல்ல.