ஒரே தண்ணியில் யாரை யாரோடு விடுவது?



வீட்டில் பிள்ளைகள் கண்ணாடித் தொட்டியில் கலர் மீன் வளர்ப்பதைப் பார்த்திருப்பீங்க. ஆசையாய் நாலு மீன் வாங்கி விட்டால், மறுநாள் காலையில் ஒன்று வால் கடிபட்டுக் கிடக்கும். இன்னொன்று மூலையில் ஒண்டிக் கிடக்கும். அழகைப் பார்த்தோமே தவிர, குணத்தைப் பார்த்தோமா? தொட்டியில் அந்தத் தப்பு சில ரூபாயோடு போகும். கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தவர் அதே தப்பைச் செய்தால், ஒரு வருஷத்துப் பணம் தண்ணியோடு போயிரும். நம்ம சீமையிலேயே அப்படி ஒரு தப்பு நடந்தது.

ஜிலேபிக் கெண்டை என்று சொல்கிறோமே, அந்தத் திலேப்பியா நம்ம ஊர் மீன் இல்லை. அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. 1939இல் ஜாவா தீவில் தென்பட்டு, அங்கிருந்து ஆசியா முழுக்கப் பரவியது. 1952இல் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. எந்தத் தண்ணியிலும் பிழைக்கும், எதையும் தின்னும், ஏழைக்கு ஏற்ற மீன் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். அது பொய்யும் இல்லை.

ஆனால் கூட இருக்கிற மீனுக்கு என்ன ஆகும் என்பதை யோசிக்கவில்லை. இது இரண்டு மூன்று மாசத்திலேயே சினைக்கு வந்துவிடும். ஆண் மீன் தரையில் குழி பறித்து, கிட்டே வருகிற மீனை விரட்டும். தாய் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். அதனால் கண்மாய் முழுக்கக் குஞ்சு. தீனி பத்தாமல் எல்லாம் உள்ளங்கை அளவிலேயே நின்றுபோகும். மற்ற மீனின் தீனியும் காலி. 1959இல் இதைப் பரப்பக் கூடாதென்று இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு தடுத்தது. ஆனாலும் 1960களின் கடைசிக்குள் தமிழ்நாட்டு நீர்த்தேக்கங்கள் பலவற்றில் அது குடியேறிவிட்டது. விட்டது விட்டதுதான், திரும்ப வாரி எடுக்க முடியவில்லை.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஒரே குளத்தில் சண்டையில்லாமல் வளரும். கட்லா மேல்தண்ணியில் மேயும், ரோகு நடுத்தண்ணியில், மிர்கால் அடியில் கிடக்கிற மக்கலைத் தின்னும். ஒரே வீட்டில் மூன்று அடுப்பு மாதிரி. இவை தேங்கின தண்ணியில் முட்டையிடுவதில்லை. அதனால் முன்பெல்லாம் குஞ்சை ஆற்றில்தான் வாரணும். 1957 ஜூலை 10ஆம் தேதி, ஒரிசாவில் அங்குல் என்ற ஊரில், ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றிப் பண்ணையிலேயே முட்டையிட வைத்தார். 1959இல் வெள்ளிக் கெண்டையும் புல் கெண்டையும் வெளிநாட்டிலிருந்து வந்தன. 1971இல் கூட்டு மீன் வளர்ப்புக்கு அகில இந்தியத் திட்டம் தொடங்கியது. நன்றாகப் பராமரித்த குளங்களில் ஹெக்டேருக்கு 3 டன்னுக்கு மேல் எடுத்துக் காட்டினார்கள்.

அதிலும் எச்சரிக்கை வேண்டும். வெள்ளிக் கெண்டையும் கட்லா மாதிரி மேல்தண்ணிக்காரன். 1971இல் இமாச்சலப் பிரதேசத்தில் கோவிந்த் சாகர் நீர்த்தேக்கத்துக்குள் அது தற்செயலாகப் புகுந்தது. பிறகு வந்த வருஷங்களில் வலையில் வெள்ளிக் கெண்டை பெருகி, கட்லா ஒதுங்கிப்போனது. ஒரே தட்டில் இரண்டு பேர் கை வைத்தால் பலசாலிக்குத்தானே சோறு!

ஆகவே குஞ்சு வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்க. இது தண்ணியில் எந்த மட்டத்தில் மேயும்? மற்றதைத் தின்னுமா, விரட்டுமா? இந்தத் தண்ணியிலேயே குட்டி போட்டுப் பெருகுமா? விராலும் கெளுத்தியும் நல்ல விலை போகும்; ஆனால் கெண்டைக் குஞ்சோடு விட்டால் குஞ்சு அவற்றுக்குத் தீனி. சொந்தக் குளமானால், இலுப்பைப் பிண்ணாக்குப் போட்டுக் களை மீனை முதலில் ஒழித்து, அதன் நஞ்சு முறிய மூன்று வாரம் விட்டு, அப்புறம் குஞ்சு விடுங்க. மடையில் சல்லடை கட்டுங்க. மூன்று வகை விடுவதானால் பத்துக்கு நாலு கட்லா, மூன்று ரோகு, மூன்று மிர்கால் என்பது பழகின கணக்கு. நம்ம கண்மாயில் தண்ணி சில மாசம்தான் நிற்கும் என்பதால், விரல் நீளத்துக்கு வளர்ந்த குஞ்சாகப் பார்த்து வாங்குங்க.

இன்றைக்கு கிஃப்ட் திலேப்பியா என்று ஒரு ரகம் அரசு அனுமதியோடு வளர்க்கப்படுகிறது. அது வேலி கட்டின தனிக் குளத்துச் சரக்கு; ஊர்க் கண்மாய்க்கு ஆகாது. கண்மாய் நம்ம ஒருத்தருக்குச் சொந்தமில்லை. மறுகால் பாய்ந்தால் நம்ம மீன் அடுத்த ஊர்க் கண்மாய்க்கும் போகும். கோடையில் மீன்பிடித் திருவிழா நடக்கும்போது, பேரப்பிள்ளை கையிலும் ஒரு பிடி அயிரை இருக்கணும் இல்லையா? குஞ்சை விடுகிற கை கொஞ்சம் யோசிக்கட்டும்.