ஸ்கூட்டர் அளந்த தூரம்

ஊர்திகளின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் புகைவண்டியோடும் மோட்டார்க் காரோடும் நின்றுவிடுகின்றனர். நடுத்தரக் குடும்பத்தின் வாசலில் நின்ற ஸ்கூட்டருக்கும் அவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையைத் துணையாகக் கொண்டு அதனைச் சிறிது ஆராய்வோம்.

மதுரை நெடுங்காலம் கோட்டைக்குள் வாழ்ந்த நகரம். 1840களில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், கோட்டை மதில் இடிக்கப்பட்டது, அகழி தூர்க்கப்பட்டது, வெளி வீதிகள் தோன்றின. 1889ஆம் ஆண்டில் வைகையின் குறுக்கே ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்பட்டது. மதில் நீங்கிற்று, வெள்ளமும் தடையாக நிற்கவில்லை. ஆயினும், தூரம் என்னும் மதில் எஞ்சி நின்றது. நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள யானைமலைக்கு மாட்டு வண்டியில் செல்ல மூன்று மணி நேரம் வேண்டும். பின்னர்ப் பேருந்து வந்தது. ஆனால், அது தன் நேரத்திற்கு வரும். நாம் விரும்பிய மரத்தடியில் நில்லாது.

இக்குறையை நீக்கிய ஊர்தி பிறந்த இடம் இத்தாலி. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் சிதைந்த விமானத் தொழிற்சாலையை உடையது பியாஜியோ நிறுவனம். அங்கே கொராடினோ தஸ்கானியோ என்னும் விமானப் பொறியாளர் வகுத்த ஸ்கூட்டர் 1946இல் வெளிவந்தது. அதற்கு இட்ட 'வெஸ்பா' என்ற பெயருக்குக் குளவி என்பது பொருள். மறு ஆண்டு மிலான் நகரில் லாம்ப்ரெட்டா பிறந்தது. 1950களில் பம்பாயில் லாம்ப்ரெட்டாவும், 1960களின் தொடக்கத்தில் பூனா அருகே பஜாஜ் நிறுவனத்தின் வெஸ்பாவும் உருவாகலாயின. வெஸ்பா உரிமம் முடிந்தபின், 1972இல் பஜாஜ் தன் ஸ்கூட்டருக்கு ராணா பிரதாபனின் குதிரையான சேத்தக்கின் பெயரைச் சூட்டியது.

இவற்றின் உயிர்நாடி 'டூ ஸ்ட்ரோக்' இயந்திரம். மற்ற வகை இயந்திரத்தில் அச்சு இரு முறை சுழன்றால்தான் ஒரு முறை விசை பிறக்கும். இதிலோ ஒவ்வொரு சுழற்சியிலும் விசை பிறக்கும். வால்வுகள் இல்லாததால் எடை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்றினால் போதும்.

ஆனால், ஸ்கூட்டரை விரும்பியவர் அனைவரும் உடனே பெற்றுவிடவில்லை. உற்பத்தியின் அளவை அரசின் உரிமங்கள் வரையறுத்தன. பணத்தைக் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஆசிரியர்களும் எழுத்தர்களும் பலர். மணமகன் வீட்டார் சிலர் ஸ்கூட்டரைச் சீராகக் கேட்கலாயினர். பெண்ணைப் பெற்றோருக்கு அது பெருஞ்சுமையாயிற்று. 1980களில் கட்டுப்பாடுகள் தளர்ந்து, புதிய நிறுவனங்கள் தோன்றிய பின்னரே காத்திருப்பு படிப்படியாகக் குறைந்தது.

அவ்வாறு காத்திருந்து பெற்ற ஊர்திக்கு மாலை சூட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மறுநாள் வைகறையில் ஒருவர் புறப்படுவதை எண்ணிப் பாருங்கள். வண்டியை ஒருபுறம் சாய்த்து நிமிர்த்தி, காலால் உதைத்தவுடன் இயந்திரம் படபடக்கிறது. பாலத்தைக் கடந்து, கோரிப்பாளையம், தல்லாகுளம் வழியே மேலூர்ச் சாலையை அடைகிறார். குளிர்காற்று முகத்தில் மோதுகிறது. எதிரே யானை படுத்திருப்பது போன்ற குன்று வளர்ந்துகொண்டே வருகிறது. அதற்கப்பால் மேலூர் வட்டாரம். 1895இல் முடிவுற்ற பெரியாறு அணையின் நீரால் பசுமை பெற்ற வயல்கள்.

அரை மணி நேரத்திற்குள் நரசிங்கத்தில் இறங்கலாம். அங்குள்ள குடைவரைக் கோயிலைக் குடைவித்தவன் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் அமைச்சனான மாறன்காரி. அவன் இறந்தபின் தம்பி மாறன் எயினன் மண்டபம் எடுத்துத் திருப்பணியை நிறைவு செய்தான். காலம் கி.பி. 770 என்பதைக் கல்வெட்டே கூறுகிறது. மலைமேல் சமணத் திருமேனிகளும் உள்ளன. பாடநூலில் ஒரு வரியாகப் படித்ததைக் கண்ணாரக் கண்டுவிட்டு, பள்ளி மணி அடிப்பதற்குள் திரும்பிவிடலாம். இதுவன்றோ ஸ்கூட்டர் நமக்குத் தந்த பேறு!

நகரத்தாருக்கு மட்டும் வாய்த்த பேறன்று இது. மதுரையில் வேரூன்றிய டி.வி.எஸ். குழுமத்தின் நிறுவனமொன்று 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் சிற்றூர்தியை வெளியிட்டது. அதுவும் டூ ஸ்ட்ரோக் இயந்திரமே. பால் குடமும் கீரைக்கட்டும் அதன்மேல் ஏறி நகருக்கு வந்தன.

இன்பத்திற்கு ஒரு விலையும் இருந்தது. இவ்வியந்திரத்தில் எரியாத பெட்ரோலின் ஒரு பகுதி புகையோடு வெளியேறும். கலந்த எண்ணெயும் நீலப் புகையாகும். வண்டிகள் சிலவாக இருந்தவரை அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. பலவானபோது நகரமே மூச்சுத் திணறியது. 1991இல் நாட்டில் பெட்ரோல் ஊர்திகளின் புகைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. 1996, 2000 ஆகிய ஆண்டுகளில் அவ்வரம்பு மேலும் இறுகியது. டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்கள் மெல்ல விடைபெற்றன.

மாணவர்களே, ஒரு கருவியின் வரலாற்றைப் படிக்கும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். அது எதனை நமக்கு அருகில் கொண்டுவந்தது? அது யார் கைக்கு எட்டியது, யாருக்கு எட்டவில்லை? அதற்குரிய விலையைக் கொடுத்தவர் யார்? ஸ்கூட்டருக்குக் கேட்ட இம்மூன்றையும், நாளை உங்கள் வாசலுக்கு வரப்போகும் ஊர்தியிடமும் தவறாது கேளுங்கள்.