நுளம்பும் புகையும்

நுளம்பின் தொல்லைக்கு மனிதன் தேடிய பரிகாரங்களுட் புகை மிகத் தொன்மை வாய்ந்தது. மாலைப் பொழுதில் தணற்சட்டியில் வேப்பிலை, நொச்சியிலை, தேங்காய்த்தும்பு முதலியவற்றை இட்டு வீட்டிலும் மாட்டுக்கொட்டிலிலும் புகையெழுப்புதல் நம்மவர் வழக்கம். பண்டை எகிப்தியர் பகலில் மீன்பிடித்த வலையையே இரவிற் படுக்கையைச் சூழ விரித்தனர் என்பது, கி. மு. 5ஆம் நூற்றாண்டினரான கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ் தரும் செய்தி. யாண்டும் வீட்டிற் கிடைத்த பொருளே காப்பாயிற்று.

இவ்வீட்டு வழக்கம் கைத்தொழிலாக வளர்ந்தமைக்கு யப்பான் தக்க சான்று. உவெயாமா எயிச்சிரோ என்பார் 1890இல் பைரீத்திரப் பூப்பொடியைப் பசைமாவுடன் சேர்த்து நுளம்புக்குச்சி செய்தார். அஃது ஏறக்குறைய 40 நிமிடத்தில் எரிந்து தீர்ந்தது. பாம்புபோற் சுருட்டின் நெடுநேரம் எரியும் என அவர்தம் மனைவியார் யூக்கி கூறிய யோசனையே, 1902இல் விற்பனைக்கு வந்த நுளம்புச்சுருளுக்கு வித்தாயிற்று.

ஆயினும், புகையிட்ட முன்னோர் காய்ச்சலின் மூலத்தை அறிந்திலர். ‘மலேரியா’ என்னும் இத்தாலியச் சொல் ‘தீய காற்று’ எனப் பொருள்படும். சதுப்புநிலக் காற்றே நோய்க்குக் காரணமென மருத்துவரும் நம்பினர். 1897இல் ரொனால்ட் றொஸ் செக்கந்தராபாத்தில் நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட பின்னரே அறிஞர் கருத்துக் காற்றை விட்டு நுளம்பின்மேலும், அது பிறக்கும் நீரின்மேலும் சென்றது.

அவ்வுண்மையை இலங்கை பெருந்துயருடன் கற்றது. 1934இல் மழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா என்பன வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் நுளம்பு பெருகியது. 1935 முடிவதற்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். ஆற்றுக் குட்டையிற் பெருகிய பகையை வீட்டுப் புகை எங்ஙனம் தடுக்கும்? பல்லாண்டு முயற்சியின் பயனாக, 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடென அறிவித்தது.

மலேரியா நீங்கினும் டெங்கு நீங்கவில்லை. 2017இல் மாத்திரம் 186,000 பேருக்கு மேல் அந்நோய்க்கு ஆளாயினர். மலேரியா நுளம்பு இரவிற் கடிப்பது. டெங்கு நுளம்போ பகலிற் கடிப்பது. ஆதலின் அந்திப் புகை அதற்குப் போதிய காப்பாகாது. அன்றியும், அது முட்டையிடும் இடம் தொலைவிலுள்ள ஆறன்று. முற்றத்துச் சிரட்டை, பூச்சாடித் தட்டு, மூடாத தண்ணீர்த் தொட்டி ஆகிய நம் வீட்டுப் பொருள்களேயாம். நீர் வற்றினும் அதன் முட்டை பல மாதம் அழியாதிருக்கும். எனவே நீரை ஊற்றிவிடுதல் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதலும் வேண்டும்.

புகை நுளம்பை விரட்டுமேயன்றி, நீரிலுள்ள குடம்பியை அழிக்காது. முன்னோர் தம் அறிவுக்கெட்டியவாறு தணற்சட்டியை ஏந்தினர். நுளம்பின் பிறப்பிடத்தை அறிந்த நாமோ, வாரந்தோறும் முற்றத்தைச் சுற்றிவந்து தேங்கிய நீரை அகற்றுதல் கடன்.