உப்பு ஊரிலிருந்து வந்த வெளிச்சம்

இன்னைக்கு எபிசோட் ஒரு பூங்காவுல ஆரம்பிக்குது. ஆனா முக்கால்வாசிக் கதை ஒரு உப்புக் கிணத்துக்குள்ளதான் நடக்குது.

அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா நகரத்துல ஃபிராங்க்ளின் ஸ்கொயர்னு ஒரு பூங்கா. வில்லியம் பென் 1682-ல் நகரத்தைத் திட்டமிட்டப்போ ஒதுக்கின ஐந்து சதுக்கங்கள்ல ஒண்ணு. பக்கத்துலயே சைனாடவுன். 2016-ல் இங்கே சீன விளக்குத் திருவிழாவைத் தொடங்கினாங்க. நான் போனப்போ 200 அடி டிராகன் முன்னாடி செல்ஃபி கூட்டம். நான் அதோட பின்பக்கம் போய் நின்னேன். கம்பியை வளைச்சு வெல்டிங் பண்ணின சட்டம், மேல இழுத்து ஒட்டின பட்டுத் துணி, உள்ளே எல்.இ.டி. பல்பு. செஞ்சவங்க சீனாவுல சிச்சுவான் மாகாணத்து ஸிகோங் ஊர்க்காரங்க. உலகத்துல எத்தனையோ பூங்காக்கள்ல நடக்குற விளக்குக் காட்சிகளுக்கு இந்த ஒரே ஊர்லேர்ந்துதான் ஆள் போறாங்க.

ஏன் அந்த ஊர்?

விளக்கு விழா சீனா முழுக்க இருக்குறதுதான். தாங் வம்ச காலத்துல தலைநகர் சாங்ஆன்ல ராத்திரியில ஊரடங்கு. வருஷத்தோட முதல் பௌர்ணமியை ஒட்டி மட்டும் அதைத் தளர்த்துவாங்க. ஜனங்க தெருவுக்கு வந்து விளக்கு பார்ப்பாங்க. ஆனா ஸிகோங் இதைத் தொழிலா மாத்தினதுக்குக் காரணம் உப்பு.

ஸிகோங் கடல்லேர்ந்து ரொம்ப தூரம். உப்புத் தண்ணி நிலத்துக்கு அடியில இருந்தது. மூங்கில் கயித்துல இரும்பு உளியைக் கட்டி, தூக்கித் தூக்கிப் போட்டுப் பாறையை உடைப்பாங்க. இப்படியே தோண்டி 1835-ல் ஷென்ஹாய் கிணறு 1,001 மீட்டர் ஆழத்தைத் தொட்டுச்சு. ஃபிலடெல்ஃபியா இருக்குற அதே பென்சில்வேனியாவுல, 1859-ல் எட்வின் டிரேக் தோண்டின புகழ்பெற்ற எண்ணெய்க் கிணறு சுமார் 21 மீட்டர்தான்! ஷென்ஹாய்ல இயற்கை எரிவாயுவும் வந்தது. அதை மூங்கில் குழாய்ல கொண்டுபோய், அதே நெருப்புல உப்புக் காய்ச்சினாங்க.

உப்பு பணத்தைக் கொண்டு வந்தது. வணிகர்கள் புத்தாண்டுக்கும் கோயில் விழாவுக்கும் விளக்குக்காகச் செலவு பண்ணினாங்க. 1964-ல் அரசாங்கமே வசந்த விழாவுக்கு விளக்குக் கண்காட்சி நடத்துச்சு. அப்புறம் கலாச்சாரப் புரட்சியில அது நின்னுபோச்சு. 1980-கள்ல மறுபடி வந்தப்போ, அந்தக் கைவேலையையே ஊர் வெளியூருக்கு விக்க ஆரம்பிச்சுது. 1988-ல் பெய்ஜிங்ல பெய்ஹாய் பூங்கா, அப்புறம் வெளிநாடுகள். 1987-ல் திறந்த டைனோசர் அருங்காட்சியகமும் ஸிகோங்லதான் இருக்கு. இந்தக் காட்சிகள்ல டிராகன் பக்கத்துல டைனோசர் நிக்குறது அதனாலதான்.

பீங்கான் தட்டு, கரண்டியைக் கயித்தால கட்டி டிராகன் செய்வாங்க. சின்ன மருந்துக் குப்பிகள்ல வண்ணத் தண்ணி ஊத்தி மயில் தோகை செய்வாங்க. எல்லாமே வீட்டுல புழங்குற சாமான்தான்.

திருவிழா போர்டுல 'ஆயிரமாண்டுப் பாரம்பரியம்'னு போட்டா எனக்குக் கொஞ்சம் நெருடும். வெல்டிங்கும் எல்.இ.டி.யும் நம்ம காலத்துது. அதுக்காக இதை வெறும் டூரிஸ்ட் ஷோனு தள்ளவும் முடியாது. உப்பை மட்டும் நம்பி இருந்த ஒரு ஊர், அது பத்தாதுனு ஆனப்போ தன் கையில மிச்சம் இருந்த வித்தையைப் பிழைப்பாக்கிக்கிட்டது. அதுக்காக அந்த ஊர்க் கைவினைஞர்கள் மாசக்கணக்குல வீட்டை விட்டு வெளிநாட்டுல வேலை பார்க்குறாங்க. உங்க ஊர்ப் பூங்காவுக்கு இந்த விளக்குகள் வந்தா, டிராகனோட பின்பக்கமும் ஒரு தடவை போய்ப் பாருங்க.