செஞ்சிக் காய்ச்சலும் கோல்ஃப் மட்டையும்

செஞ்சிக் கோட்டைக்கும் கோல்ஃப் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? 'அமாவாசைக்கும் அப்துல்காதருக்கும் உள்ள சம்பந்தம்தான்' என்று பதில் சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்!

இன்றைக்குப் பேப்பரைப் பிரித்தால் அடிக்கடி கண்ணில் படுகிற விளம்பரம்தான் இது. ஐந்து இரவு, ஆறு பகல். விமான டிக்கெட், ஓட்டல் ரூம், மூன்று வேளை சாப்பாடு, தினம் ஒரு கோல்ஃப் ஆட்டம்... எல்லாம் சேர்த்து ஒரே தொகை. துருக்கி, போர்ச்சுகல், தாய்லாந்து அல்லது பக்கத்து வீடு மாதிரி இருக்கிற இலங்கை. பணத்தைக் கட்டிவிட்டுக் கையை வீசிக்கொண்டு போனால் போதும். சுகமான ஏற்பாடுதான். இந்த ஏற்பாடு எங்கே ஆரம்பித்தது என்று தேடிக்கொண்டு போனால், வழியில் ஒரு காய்ச்சல் குறுக்கிடுகிறது. அந்தக் காய்ச்சலைப் பார்க்க நாம் செஞ்சிக்குத்தான் போகவேண்டும்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற வழியில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால், யாரோ ராட்சசன் கூடை கூடையாகப் பாறைகளைக் கொட்டிவைத்த மாதிரி குன்றுகள் தெரியும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி... மூன்றையும் வளைத்து மதில். 1677-ல் சிவாஜி கைக்கு வந்த கோட்டை. சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜியை 1689-ல் ஒளரங்கசீப் கொன்ற பிறகு, இளையவர் ராஜாராம் மாறுவேடத்தில் தப்பி, தக்காணத்தைக் கடந்து இங்கேதான் வந்து சேர்ந்தார். துரத்திக்கொண்டு வந்த மொகலாயத் தளபதி ஜுல்ஃபிகர் கான் 1690-ல் கோட்டைக்கு வெளியே கூடாரம் அடித்தார். பிடித்தது எப்போது தெரியுமா? 1698-ல்! நடுவில் கிட்டத்தட்ட எட்டு வருஷம். கூடவே இளவரசர் காம் பக்ஷ் வேறு. அவரையே ஒரு கட்டத்தில் சந்தேகத்தின்பேரில் காவலில் வைக்கவேண்டி வந்தது. மராட்டியப் படை சுற்றி வளைத்து அரிசி, தானியம் வரும் வழியை அடைத்துவிட, மொகலாயர்கள் முற்றுகையை விட்டுவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கிய கூத்தும் நடந்தது. ஜுல்ஃபிகர் கான் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று அந்தக் காலத்திலேயே பேச்சு இருந்தது. கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. தப்பிப் போயிருந்தார்.

இத்தனை பாடுபடுத்திய கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி 1750 செப்டம்பரில் ஒரே ராத்திரியில் பிடித்தார். ஐரோப்பாவே வாயைப் பிளந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால், கோட்டையைப் பிடித்த பிறகுதான் உண்மையான எதிரி வந்தான்.

காய்ச்சல்!

கர்நாடகப் பிரதேசத்திலேயே உடம்புக்கு ஆகாத இடம் என்று ஐரோப்பியர்களிடையே செஞ்சிக்குப் பெயர். கோட்டையைப் பிடிக்கும்போது விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஆட்களை இழந்த பிரெஞ்சுக்காரர்கள், அதை வைத்துக்கொண்டிருந்த பத்து வருஷத்தில் 1,200 ஐரோப்பிய வீரர்களைப் பறிகொடுத்தார்கள் என்று ஆங்கிலேயர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். எதிரி சொன்ன கணக்கு என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். பாதியைக் கழித்தாலும் 600 பேர்! பாறைக்கு நடுவே மழைத்தண்ணீர் தேங்கும் சுனைகள், குளங்கள், சுற்றிலும் புதர்க்காடு. மலேரியாவாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது யாருக்கு அது தெரியும்? 'கெட்ட காற்று' என்று நினைத்தார்கள். 'மலேரியா' என்ற இத்தாலியச் சொல்லுக்கே அதுதான் அர்த்தம். கொசுதான் குற்றவாளி என்று ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல். 1761-ல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது அவர்களும் அங்கே ஆசையாகக் குடியேறவில்லை.

காற்றுதான் வியாதி என்றால், மருந்து என்ன? வேறு காற்று! அவ்வளவுதான் லாஜிக். தவறான காரணம். ஆனால் சரியான முடிவு! ஏனென்றால், குளிர்ந்த உயரத்தில் மலேரியாக் கொசுவின் ஜம்பம் அவ்வளவாகச் சாயாது. கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி ஏறினார். அடுத்த பத்து வருஷத்துக்குள் கவர்னர் லஷிங்டன் ஊட்டியை நோயாளிச் சிப்பாய்கள் உடம்பு தேற்றும் இடமாக ஆக்கினார். மதுரையில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். முதலில் ஆஸ்பத்திரி. அப்புறம் ஓய்வு. அப்புறம், ஓய்வெடுக்கிறவருக்குப் பொழுது போகவேண்டுமே?

ஸ்காட்லாந்துக்காரர்கள் உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் கோல்ஃப் மட்டையையும் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த நாட்டிலேயே 1457-ல் இந்த ஆட்டத்துக்கு ராஜா தடை போட்டார். இளைஞர்கள் வில்வித்தை பழகாமல் பந்தடித்துக்கொண்டு திரிகிறார்கள் என்று கோபம். தடையா நிற்கும்? 1829-ல் கல்கத்தாவில் கிளப். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இன்றும் இருக்கிற கோல்ஃப் கிளப்களில் இதுதான் மூத்தது. சென்னையில் கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள்ளேயே மைதானம் போட்டார்கள். கொடைக்கானல் கிளப் 1895. ஊட்டியில் தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகள் இருந்தன. அங்கே துரைமார்கள் குதிரை ஏறி நரி வேட்டையாடினார்கள், பந்தும் அடித்தார்கள். எருமைகளைக் கேட்டா முடிவு செய்தார்கள்?

இதே கதை பிரான்ஸிலும் நடந்ததுதான் ஆச்சரியம். தெற்கே பைரனீஸ் மலையடிவாரத்தில் 'போ' என்று ஓர் ஊர். அலெக்சாண்டர் டெய்லர் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், அந்த ஊர்க் காற்று நெஞ்சு வியாதிக்கு நல்லது என்று 1842-ல் புத்தகமே போட்டார். அவ்வளவுதான், குளிர்காலத்தில் பிரிட்டிஷ்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து குவிந்துவிட்டார்கள். வந்தவர்கள் 1856-ல் கோல்ஃப் கிளப் ஆரம்பித்தார்கள். ஐரோப்பியக் கண்டத்தின் முதல் கிளப் அது. உள்ளூர்க்காரர்களுக்காக இல்லை, சீசனுக்கு வருகிறவர்களுக்காக! வெளிநாட்டு கோல்ஃப் விடுமுறைக்கு ஒரு பிறந்த ஊர் சொல்லவேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, 'எல்லாம் சேர்த்து ஒரே தொகை' யார் மூளையில் உதித்தது? தாமஸ் குக். குடிக்கு எதிராகப் பிரசாரம் செய்த ஆசாமி. 1841 ஜூலை 5 அன்று மதுவிலக்குக் கூட்டத்துக்காக லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஸ்பெஷல் ரயில் விட்டார். தலைக்கு ஒரு ஷில்லிங். (இன்றைய கோல்ஃப் பேக்கேஜில் குடியும் சேர்த்தி என்பது அவருக்குத் தெரிந்தால் நொந்துபோவார்!) பின்னாளில் அவர் கண்டுபிடித்த இன்னொரு தந்திரம் ஓட்டல் கூப்பன். புறப்படும்போதே பணம், போகிற இடத்தில் சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் போதும். 1950-ல் 'கிளப் மெட்' என்ற நிறுவனம் ஸ்பெயினின் மயோர்கா தீவில் கூடாரம் அடித்து இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. காலப்போக்கில் அதன் கிராமங்களில் பணத்துக்குப் பதில் பாசிமணிகள். கழுத்தில் மாட்டிய மணியைக் கழற்றிக் கொடுத்துக் குடிக்கலாம். பர்ஸ் என்கிற கவலையே மறந்து போகும். ஆனால், மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கொடுப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. 2019 செப்டம்பரில் பிரிட்டனின் தாமஸ் குக் கம்பெனி திவாலானபோது சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டிஷ் பயணிகள் வெளிநாடுகளில் மாட்டிக்கொண்டார்கள். அரசாங்கமே விமானம் பிடித்து அவர்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

போர்ச்சுகலைச் சொல்லாமல் போனால் கோல்ஃப்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஹென்றி காட்டன் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர், அல்கார்வ் பகுதியில் சொதசொதவென்று இருந்த நெல்வயலை வாங்கவைத்து, தண்ணீரை உறிஞ்சுவதற்காகவே லட்சக்கணக்கில் மரம் நட்டு, 1966-ல் பெனினா மைதானத்தைத் திறந்தார். அவருடைய மட்டைப் பையைச் சுமந்தது ஒரு கழுதை. பெயர் பசிஃபிகோ! நெல் விளைந்த மண்ணில் புல் வளர்ப்பது முன்னேற்றமா என்று தஞ்சாவூர்க்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

நம்மவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது இலங்கை. கொழும்பில் 1879-ல் தொடங்கிய கிளப் இருக்கிறது. அங்கே மைதானத்துக்கு நடுவிலேயே ரயில் ஓடும்! கண்டிக்குப் பக்கத்தில் விக்டோரியா, தெற்கே ஹம்பாந்தோட்டை, எல்லாவற்றுக்கும் மேலே 6,000 அடி உயரத்தில் நுவரெலியா. அங்கே கிளப் 1889-லிருந்து. போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'எல்லாம் அடக்கம்' என்பதில் எதெல்லாம் அடக்கம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மைதானக் கட்டணம் ஒரு ஆட்டத்துக்கா, தினமுமா? மட்டை தூக்கும் கேடிக்குக் கூலி யார் தருவது? விமானத்தில் மட்டைப் பைக்குத் தனிக் காசா? பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கையைக் கடிக்கும்.

நுவரெலியாவும் காய்ச்சலில் பிறந்த ஊர்தான். சாமுவேல் பேக்கர் என்ற வேட்டைக்காரர் 1847-ல் காய்ச்சலில் வாடி, உடம்பு தேற அங்கே போனார். இரண்டே வாரத்தில் புது மனுஷர். உடனே இங்கிலாந்துக்குப் போய் மறுவருஷமே ஒரு குட்டி இங்கிலாந்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். பண்ணைக்காரர், கொல்லர், குதிரைக்காரர், டர்ஹாம் பசு, வேட்டை நாய்கள், விதைகள், கலப்பை, கோச்சு வண்டி... திட்டத்தில் எதுவும் விடுபடவில்லை. மலையேறும்போது என்ன ஆயிற்று? குதிரைக்காரர் கோச்சைப் பள்ளத்தில் உருட்டினார். டர்ஹாம் பசு வழியிலேயே செத்துப்போனது. பேக்கர் இதையெல்லாம் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார்.

அதே மலைக்கு, அதே காலத்தில், இன்னொரு கூட்டமும் போய்க்கொண்டிருந்தது. நம் ஊர்க்காரர்கள். திருச்சி, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பக்கத்து ஜனங்கள். முதலில் காப்பித் தோட்டம், பிறகு தேயிலை. அவர்களுக்கும் எல்லாம் சேர்த்து ஒரு 'பேக்கேஜ்' இருந்தது! கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுப்பார். வழிச்சாப்பாடு, படகுக் கூலி, குளிருக்குக் கம்பளி... ஒரு பைசா கையிலிருந்து போடவேண்டாம். ஆஹா என்று புறப்பட்டார்கள். கடற்கரை வரை நடை. படகில் மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியாக இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நடை. மலேரியா, காலரா, பசி. துரைமார்கள் எதற்குப் பயந்து மலைக்கு ஓடினார்களோ அந்தக் காய்ச்சலுக்கு நடுவில் புகுந்துதான் இவர்கள் மலைக்குப் போகவேண்டியிருந்தது. எத்தனையோ பேர் வழியோரத்திலேயே செத்துக் கிடந்தார்கள்.

உயிரோடு போய்ச் சேர்ந்தவருக்குத்தான் பில் காத்திருந்தது. சாப்பாடு, படகு, கம்பளி எல்லாம் அவர் பேரில் கடன். அந்தக் கடன் தொகையை ஒரு சீட்டில் எழுதி வைப்பார்கள். அதற்குப் பெயர் 'துண்டு'. வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமென்றால், அந்தத் தோட்டத்துத் துரை துண்டில் எழுதிய தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். ஆள் மாறினாலும் கடன் மாறாது. தாமஸ் குக்கின் கூப்பனைக் கிழித்தால் ஓட்டலில் சாப்பாடு கிடைத்தது. இந்தச் சீட்டு மனுஷனையே கைமாற்றியது. 1889-ல் நுவரெலியாவில் கோல்ஃப் கிளப் வந்தபோது துண்டு முறை ஜோராக நடந்துகொண்டிருந்தது. அதைச் சட்டம் போட்டு ஒழித்தது 1921-ல்.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. மராட்டியர்களின் 12 கோட்டைகளில் ஒன்றாக. மற்ற பதினொன்றும் மகாராஷ்டிராவில். மன்னார் - மாத்தளைப் பாதைக்கு அப்படி ஒரு பட்டமும் இல்லை. 2023-ல் மலையகத் தமிழர்கள் வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து, தலைமன்னாரில் புறப்பட்டு அந்த வழியை நடந்தே கடந்து மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தார்கள் அவர்களுடைய பேரன் பேத்திகள். கோல்ஃப் ஆட நுவரெலியா போகிறவர்கள் கொழும்பிலிருந்து ரயில் ஏறி நானுஓயாவில் இறங்குவது வழக்கம். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காரில் போங்கள். மாத்தளையில் மெயின் ரோட்டிலேயே முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது.