புல் முடிச்சு

பி.ஏ. ஆங்கிலம் படித்த நாட்களில் ஸ்காட்லாந்தின் எல்லைப்புறம் எனக்கு மனப்பாடம். ஆநிரை கவர்ந்தவர்களையும் மீட்கப்போய் மடிந்தவர்களையும் பற்றி அங்கே வாய்மொழியாக வழங்கிய கதைப்பாடல்களைத் திரட்டி, வால்ட்டர் ஸ்காட் 1802இல் அச்சேற்றத் தொடங்கினார். எட்ரிக் பள்ளத்தாக்கை அறிந்திருந்த எனக்குச் செய்யாறு தெரியாது. வங்கி உத்தியோகம் திருவண்ணாமலைக்கு மாற்றலான பிறகுதான் கலசப்பாக்கம் போனேன்.

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு ஊரை ஒட்டிப் போகிறது. தள்ளிப் பர்வதமலை. மலைபடுகடாம் பேசும் சேயாறும் நவிரமும் இவையே என்பது அறிஞர் துணிபு. செங்கண்மா நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் அந்நூல், வழியில் பெயர் பொறித்த நடுகற்கள் நிற்கும், யாழிசைத்துச் செல்லுங்கள் என்கிறது. கவர்வழிகளில், பின்னால் வருகிறவர்களுக்காகப் புல்லை முடிந்து வைக்கவும் சொல்கிறது.

கற்கள் கற்பனையல்ல. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் நூலாக்கியது. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காத்து விழுந்தவன் கருந்தேவக்கத்தி. கள்ளனைக் கடித்துக் காத்திருந்த கோவிவன் என்ற நாய்க்கும் அதில் உருவமும் பெயரும் உண்டு. ஸ்காட்டின் வீரர்களுக்குப் பல நூற்றாண்டுகள் மூத்த நாய்.

ஸ்காட்டுக்குப் பாடல்களைச் சொல்லித் தந்த மார்கரெட் லெய்ட்லா, இவை பாடுவதற்கானவை, படிப்பதற்கல்ல, அச்சிட்டுக் கெடுத்துவிட்டீர் என்று அவரிடமே குறைப்பட்டுக்கொண்டதாக அவள் மகன் ஜேம்ஸ் ஹாக் எழுதியிருக்கிறார். அந்தக் குறை என்னையும் தொடுகிறது. ஆனால் எழுத்து மட்டுமே குற்றவாளியல்ல. நடுகல்லும் எழுத்துதான், அது வாசகனை நிறுத்தியது, யாழை எடுக்க வைத்தது. நூலான பிறகு அதைப் பக்கம் புரட்டிக் கடந்துவிடுகிறோம்.

கலசப்பாக்கத்தில் ஒரு காரியம் இன்னும் நடக்கிறது. ரத சப்தமியன்று அண்ணாமலையார் தீர்த்தவாரிக்குச் செய்யாற்றுக்கு வருகிறார். ஊர்க்கோயில் திருமாமுடீஸ்வரர் எதிர்கொண்டு அழைக்கிறார். இதையெல்லாம் விசாரித்துக் குறித்துக்கொண்டிருந்தபோது ஆற்றங்கரைப் பெரியவர் ஒருவர், "எழுதிக்கினு போறீங்க சார், சரி. சாமி வர்றப்ப வந்து நில்லுங்க" என்றார்.

தை முடிந்து போயிருந்தது. அடுத்த சப்தமிக்கு விடுப்பு கேட்டிருக்கிறேன். அதுவரை இக்குறிப்பு ஒரு புல் முடிச்சு, அவ்வளவே.