வெள்ளமும் கொடையும்: பட்டாலை அதிபர் வில்லியம் ஸ்கின்னரின் வாழ்வு (1824–1902)

ஆய்வுச் சுருக்கம்

இலண்டனில் பிறந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குடியேறிய வில்லியம் ஸ்கின்னர், பட்டுத் தொழிலால் செல்வரானவர். ஹோலியோக் நகரின் புரவலராகப் போற்றப்படுபவர். 1874ஆம் ஆண்டு வெள்ளத்தில் ஆலையை இழந்து மீண்டெழுந்தவர் என்பதே அவரைப் பற்றிய வழக்கமான சித்திரம். அவ்வெள்ளத்தின் காரணத்தையும் அவர் நீங்கிய ஊரின் நிலையையும் சேர்த்து நோக்கி, அச்சித்திரத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது.

திறவுச் சொற்கள்: புலம்பெயர்வு, பட்டுத் தொழில், மில் ஆறு, அணை உடைப்பு, கொடை, ஹோலியோக்.

முன்னுரை

தொழிலதிபர்களின் வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் வறுமை, உழைப்பு, செல்வம், கொடை என்னும் வரிசையில் எழுதப்படுகின்றன. இடையில் நேரும் பேரிடர், நாயகரின் மனவுறுதியை விளக்கும் நிகழ்ச்சியாக மட்டும் நின்றுவிடுகிறது. பேரிடரால் உயிரையும் இருப்பிடத்தையும் இழந்த பிறர் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. ஸ்கின்னரின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

இலண்டனிலிருந்து மில் ஆற்றங்கரைக்கு

ஸ்கின்னர் 1824இல் பிறந்தார். அவர் வளர்ந்த ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ், பிரான்சிலிருந்து அகதிகளாக வந்த ஹியூகனாட் நெசவாளர்களால் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற பகுதி. அங்குள்ள நெசவாளர்களின் கூலியை முறைப்படுத்திய சட்டங்கள் அவர் பிறந்த அதே ஆண்டில் நீக்கப்பட்டன. 1826இல் பிரெஞ்சுப் பட்டின் இறக்குமதித் தடையும் விலக்கப்பட்டது. நலிந்துவந்த தொழிற்களத்திலிருந்து 1843இல் அவர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். அவர் கொண்டுசென்ற முதல், பட்டுக்குச் சாயமேற்றும் தொழிலறிவே.

நார்த்தாம்ப்டன் பகுதியில் சாயத் தொழிலில் பணியாற்றியபின், 1850களில் வில்லியம்ஸ்பர்க்கை அடுத்து மில் ஆற்றங்கரையில் சொந்த ஆலை நிறுவினார். அக்காலத்தில் பரவிவந்த தையல் இயந்திரம் பட்டுத் தையல் நூலுக்குப் புதிய சந்தையை உருவாக்கியது. 1864இல் அயல்நாட்டுப் பட்டுப்பொருள்கள்மீது விதிக்கப்பட்ட 60 விழுக்காட்டுச் சுங்க வரி உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்கு அரணாயிற்று. ஆலையைச் சூழ்ந்து வளர்ந்த சிற்றூர் உரிமையாளரின் பெயராலேயே ஸ்கின்னர்வில் என வழங்கலாயிற்று.

அணையும் பொறுப்பும்

மில் ஆறு கோடையில் வற்றுவது. ஆலைகளுக்கு ஆண்டு முழுவதும் நீர் கிடைக்கும்பொருட்டு, அவற்றின் உரிமையாளர்கள் ஒரு நீர்த்தேக்க நிறுவனத்தை அமைத்து, வில்லியம்ஸ்பர்க்குக்கு மேலே 1865–66இல் மண்ணணை ஒன்றைக் கட்டினர். செலவு மிகும் என்று உறுதியான வடிவமைப்புகளைத் தவிர்த்தனர். அணையில் கசிவு இருந்தது ஊரார் அறிந்ததே. ஸ்கின்னரின் ஆலையும் அவ்வாற்று நீரால் இயங்கியதே.

1874 மே 16 காலை அணை உடைந்தது. காவலர் ஜார்ஜ் செனி குதிரையில் விரைந்து வில்லியம்ஸ்பர்க்கில் செய்தி சொன்னார். அங்கிருந்து பால் வணிகர் காலின்ஸ் கிரேவ்ஸ் கீழுள்ள ஊர்களை எச்சரிக்கச் சென்றார். ஆயினும் 139 பேர் இறந்தனர்: வில்லியம்ஸ்பர்க்கில் 57, ஸ்கின்னர்வில்லில் 4, ஹேடன்வில்லில் 27, லீட்ஸில் 51. உரிய நேரத்தில் எச்சரிக்கை எட்டியதால் ஸ்கின்னரின் தொழிலாளர்களுள் பெரும்பாலோர் உயிர் தப்பினர். ஆலையும் தொழிலாளர் வீடுகளும் அழிந்தன. ஸ்கின்னரின் மாளிகை நிலைத்தது.

விசாரணைக் குழு சட்டமன்றம், நீர்த்தேக்க நிறுவனம், பொறியாளர், ஒப்பந்ததாரர், மாவட்ட ஆணையர் என ஐந்து தரப்பினர்மீதும் பழி சுமத்தியது. எனினும் எவரும் தண்டிக்கப்படவில்லை. பொறுப்பு பலரிடம் பகிரப்பட்டபோது ஒருவரிடமும் தங்கவில்லை. மறு ஆண்டு அணைகளைக் கண்காணிக்கும் சட்டம் மாசசூசெட்ஸில் இயற்றப்பட்டது ஒன்றே பொதுப்பயனாக எஞ்சியது.

ஹோலியோக்கும் கொடையும்

வேறு ஊர்களும் ஸ்கின்னரை அழைத்தன. கனெக்டிகட் ஆற்றில் அணையும் கால்வாய்களும் கொண்டு திட்டமிட்டு எழுப்பப்பட்ட ஹோலியோக், ஆலைநிலத்தைச் சில ஆண்டுகள் வாடகையின்றித் தர முன்வந்தது. அவர் அங்கே சென்றார். வெள்ளத்தில் தப்பிய மாளிகையையும் பிரித்தெடுத்துக் கொண்டுபோய் மீண்டும் எழுப்பினார். ஹோலியோக்கில் தொழில் பெருகியது; ஸ்கின்னர் சாட்டின் துணி நாடறிந்த பெயராயிற்று. நகர மருத்துவமனையின் உருவாக்கத்தில் அவர் துணைநின்றார். அவர் 1902இல் மறைந்தபோது, மகள்கள் பெல்லும் கேதரினும் தந்தையின் நினைவாக ஆலைத் தொழிலாளர்களுக்கான காப்பி இல்லம் ஒன்றைத் தொடங்கினர். அம்மாளிகையைக் குடும்பத்தார் 1959இல் நகருக்கு அளித்தனர். இன்று அது விஸ்டேரியாஹர்ஸ்ட் அருங்காட்சியகமாகத் திகழ்கிறது.

இக்கொடைகள் மெய்யானவை, ஆனால் அவை பெரிதும் ஹோலியோக்கையே சேர்ந்தன. ஸ்கின்னர்வில் மீண்டும் ஆலையூராகவில்லை. வெள்ளத்தின்போது எட்டு வயதுச் சிறுமியாயிருந்த பெல் ஸ்கின்னர், முதல் உலகப்போரில் சிதைந்த பிரான்சின் ஹட்டோன்ஷாத்தேல் என்னும் சிற்றூரைப் பின்னாளில் தம் செலவில் மீட்டெழுப்பினார். அழிந்த ஊர் ஒன்றை மீளக் கட்டும் பணி அக்குடும்பத்தில் ஒரு தலைமுறை கழித்து, கடலுக்கு அப்பால் நிறைவேறியது. அவருடைய உள்நோக்கம் எதுவாயினும், இவ்விரு ஊர்களின் முரண் வரலாற்று ஆய்வாளரின் கருத்துக்குரியது.

முடிவுரை

ஸ்கின்னரை வஞ்சகராகக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர் உழைப்பால் உயர்ந்தவர், உதவியவர். எனினும் பெயர்ந்து செல்லும் ஆற்றல் முதலுடையவர்க்கே வாய்த்தது. மாளிகையைப் பெயர்த்துச் செல்ல முடிந்தது. அழிந்த தொழிலாளர் வீடுகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஒரு நகரின் நன்றியுணர்வில் நிலைத்த புரவலர் வரலாற்றை, அவர் நீங்கிய ஊரின் இழப்போடு இணைத்து எழுதும்போதே அது முழுமைபெறும்.